தெரியாதபோது கார் என்ன செய்கிறது? சான்பிரான்சிஸ்கோ முதல் ஃபீனிக்ஸ் வரை ஆறு நாள்

நாள் 1: சான்பிரான்சிஸ்கோ

காலையில் வலென்சியா தெருவோரம் ஒரு காபி குடித்து முடிப்பதற்குள், ஓட்டுநர் இருக்கை காலியாக மூன்று நான்கு வெள்ளை ஜாகுவார்கள் கடந்துவிடுகின்றன. ஸ்டியரிங் தானாகத் திரும்புகிறது. ஊர்க்காரர்கள் யாரும் நின்று பார்ப்பதில்லை. எல்லாம் வேமோ நிறுவனத்தின் வாடகை வண்டிகள். 2024 ஜூனில் இந்த ஊரில் எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். 2025 நவம்பரில் விரைவுச்சாலையிலும் பயணிகளை ஏற்றத் தொடங்கினார்கள். தானோட்டிக் கார் எப்போது வரும் என்று இங்கே யாரும் கேட்பதில்லை, வந்தாயிற்று.

இந்த ஆறு நாளும் ஒரே ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு சாலை சாலையாகப் போகிறோம். தனக்குப் புரியாத ஒன்று எதிரே வரும்போது இந்தக் கார் என்ன செய்கிறது? லேனில் ஒழுங்காகப் போகிறதா, சிக்னலுக்கு நிற்கிறதா என்பதெல்லாம் பத்து நிமிடப் பயணத்தில் தெரிந்துவிடும். அது சரியாகவே செய்கிறது. உயிர் போவதும் பிழைப்பதும் புரியாத அந்த ஓரிரு நொடியில்தான்.

முதலில் வண்டி. ஜாகுவார் ஐ-பேஸ், மின்சாரக் கார். ஜாகுவாருக்கு உரிமையாளர் நம் டாடா. அதன் மேல் வேமோ 29 கேமரா, 5 லிடார், 6 ரேடார் பொருத்தியிருக்கிறது. கூரையில் கவிழ்த்த சட்டி போல இருப்பதற்குள்தான் பெரிய லிடார் இருக்கிறது. லேசர் ஒளியைத் துடிப்பு துடிப்பாக அனுப்பி, பட்டுத் திரும்ப எவ்வளவு நேரமாகிறது என்று அளக்கும் கருவி அது. 100 மீட்டர் தள்ளி நிற்கும் ஆளின் மேல் பட்டுத் திரும்ப ஒளிக்கு ஆகும் நேரம் 0.67 மைக்ரோ நொடி. அந்த நேரத்தைத் தூரமாக மாற்றி, சுற்றிலும் உள்ள எல்லாவற்றையும் புள்ளிகளால் வரைந்துகொண்டே இருக்கிறது. இரவானாலும் பகலானாலும் அதற்கு ஒன்றுதான். ஆனால் சிக்னல் சிவப்பா பச்சையா என்று லிடாருக்குத் தெரியாது. அதற்குக் கேமரா வேண்டும். கேமராவுக்குச் சாயங்கால வெயில் நேராக விழுந்தால் கண் கூசும். மூடுபனியில் லிடார் தடுமாறும், ரேடார் தடுமாறாது. ஆனால் ரேடாருக்கு உருவம் தெரியாது, எவ்வளவு தூரம், எவ்வளவு வேகம் என்பது மட்டுமே தெரியும். கோடைக்காலம் முழுக்க மூடுபனி மூடும் ஊர் இது. மூன்றும் சேர்ந்து இல்லாமல் இங்கே ஓட்டவே முடியாது.

வண்டியை நெருங்கிப் பார்த்தால் சென்சார்களின் பக்கத்தில் விரல் நீளத்துக்குச் சின்ன வைப்பர்கள் தெரியும். கூடவே தண்ணீர் பீய்ச்சும் துளைகளும் இருக்கும். ஒரு பறவை எச்சமோ டயர் தெறித்த சேறோ லிடாரின் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டால் அந்தத் திசையில் உலகமே இல்லை என்றாகிவிடும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அலங்காரம் போலத் தோன்றும் இந்த வைப்பர் இல்லாவிட்டால் மற்ற எதுவும் உதவாது.

ஏறுபவர்களுக்கு: செயலியில் அழைத்தால் கூரையில் உங்கள் பெயரின் முதலெழுத்துகள் ஒளிரும். கதவையும் செயலிதான் திறக்கும். பெல்ட் போட்டு, திரையில் பயணத்தைத் தொடங்கும் பொத்தானை அழுத்தினால்தான் வண்டி நகரும். ஓட்டுநர் இருக்கையில் உட்காரவோ ஸ்டியரிங்கைத் தொடவோ கூடாது. இடையில் இறங்க வேண்டுமானால் ஓரங்கட்டச் சொல்லும் பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தியதும் சடாரென்று நிற்காது, பாதுகாப்பான இடம் தேடி நிற்கும். இறங்கும்போது பின்னாலிருந்து சைக்கிள் வந்தால் எச்சரிக்கை ஒலிக்கும். ஆனால் கதவைத் தள்ளுவது உங்கள் கை. ஒலியை நம்பாமல் தலையைத் திருப்பிப் பார்த்துவிட்டுத் திறங்கள்.

வண்டிக்கு ஒரு சந்தேகம் வந்தால் தொலைவில் இருக்கும் மனித உதவியாளரிடம் கேள்வி போகும். அவர் ஸ்டியரிங்கைப் பிடித்து ஓட்டுவதில்லை. இந்தத் தெரு மூடியிருக்கிறதா, இந்த வண்டியைச் சுற்றிக்கொண்டு போகலாமா என்பது போன்ற கேள்விக்குப் பதில் சொல்வார். பதிலை வாங்கிக்கொண்டு ஓட்டுவது கார்தான். நாளைய பதிவுக்கு இது தேவைப்படும்.

நாள் 2: மார்க்கெட் தெருவும் ஐந்தாம் தெருவும் சந்திக்கும் இடம்

சாதாரணமான ஒரு நான்கு முனைச் சந்திப்பு. டிராம் தண்டவாளம், கடைகள், எப்போதும் ஆள் நடமாட்டம். 2023 அக்டோபர் 2 இரவு இங்கே நடந்ததுதான் க்ரூஸ் என்ற நிறுவனத்தின் ஓட்டத்தை நிறுத்தியது.

சாலையைக் கடந்துகொண்டிருந்த ஒரு பெண்ணை, மனிதர் ஓட்டிவந்த வேறொரு கார் இடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டது. இடித்த வேகத்தில் அவர் பக்கத்து லேனில் வந்த க்ரூஸ் தானோட்டிக் காரின் முன்னே விழுந்தார். அந்தக் கார் பிரேக் போட்டது, ஆனாலும் அவர் மேல் மோதி நின்றது. இதுவரை நடந்ததை எந்த ஓட்டுநராலும் தவிர்ப்பது கடினம். அடுத்து நடந்ததைத்தான் கவனிக்க வேண்டும். நின்ற கார் மறுபடி நகர்ந்தது. அடியில் சிக்கியிருந்தவரைச் சுமார் 6 மீட்டர் இழுத்துக்கொண்டு, மணிக்கு ஏறக்குறைய 12 கிலோமீட்டர் வேகம் வரை போய், பிறகு நின்றது.

ஏன்? மோதலைக் கார் உணர்ந்தது, ஆனால் பக்கவாட்டில் ஏதோ இடித்ததாகத் தப்பாக வகைப்படுத்தியது. பக்கவாட்டு மோதல் என்றால், போக்குவரத்தை மறிக்காமல் சாலையோரம் ஒதுங்கி நில் என்பது அதற்குக் கொடுக்கப்பட்ட விதி. அந்த விதியைக் கார் பிசகாமல் செய்தது. இடதுபக்க அகலக்கோணக் கேமராவில் அந்தப் பெண்ணின் கால்கள் தெரிந்துகொண்டுதான் இருந்தன என்று பின்னர் நடந்த தொழில்நுட்ப விசாரணையில் தெரியவந்தது. கேமரா பார்த்ததை மென்பொருள் ஆளாகப் பின்தொடரவில்லை. ஒருவரை இடித்தோம் என்று ஐயம் வந்த எந்த ஓட்டுநரும் முதலில் இறங்கிக் குனிந்து பார்ப்பார். இந்தக் காரின் விதிகளில் அப்படி ஒன்று எழுதப்படவே இல்லை.

இழுத்துச் சென்றதை அதிகாரிகளிடம் தெளிவாகச் சொல்லாமல் விட்டது நிறுவனத்துக்கு இன்னும் பெரிய அடியானது. அக்டோபர் 24 அன்று கலிஃபோர்னியா மோட்டார் வாகனத் துறை உரிமத்தை நிறுத்தியது. அடுத்த ஆண்டு நவம்பரில், தவறான அறிக்கை கொடுத்ததற்காக 5 லட்சம் டாலர் அபராதம் கட்ட நிறுவனம் ஒப்புக்கொண்டது. 2024 டிசம்பரில் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸ் வாடகைக் கார் முயற்சிக்குப் பணம் போடுவதையே நிறுத்திக்கொண்டது. இந்தத் துறையில் இருப்பவர்கள் இந்தச் சந்திப்பில் ஒரு முறையாவது வந்து நிற்க வேண்டும் என்று தோன்றுகிறது.

இதே 2023-இல், ஆகஸ்ட் மாதம், இன்னும் இரண்டு சம்பவங்கள். கோல்டன் கேட் அவென்யூவில் ஒரு க்ரூஸ் கார் புதிதாகப் போட்ட ஈரக் கான்கிரீட்டுக்குள் இறங்கிச் சிக்கிக்கொண்டது. லிடார் பார்வையில் ஈரக் கான்கிரீட்டும் காய்ந்த சாலையும் ஒரே சமதளம்தான். வித்தியாசத்தைச் சொல்வது சுற்றிலும் வைத்திருக்கும் தடுப்பும் வேலையாட்களும்தான். அடுத்து, போல்க் தெருவும் டர்க் தெருவும் சந்திக்கும் இடத்தில், எதிர் லேனில் ஏறிவந்த தீயணைப்பு வண்டி பயணியோடு போன ஒரு க்ரூஸ் காரை இடித்தது. சைரன் கேட்டது, வண்டியும் தெரிந்தது. ஆனால் அவசர வண்டி வழக்கமான லேனில்தான் வரும் என்று கணித்தால் அந்த இடத்தில் தப்பிக்க வழியில்லை. தீயணைப்பு வண்டி விதிகளை மீறித்தான் ஓடும். அது அதன் வேலை.

மின்வெட்டு. 2025 டிசம்பர் 20 அன்று ஒரு துணைமின் நிலையத்தில் தீப்பிடித்து நகரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பகுதி இருண்டது. சிக்னல்கள் அணைந்தன. அணைந்த சிக்னலை எல்லாப் பக்கமும் நின்று முறைவைத்துப் போக வேண்டிய சந்திப்பாகக் கருத வேண்டும் என்று வேமோ காருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். பல சந்திப்புகளை அவை அப்படியே கடந்தும் விட்டன. ஆனால் சில இடங்களில் உறுதிப்படுத்திக்கொள்ள உதவியாளரிடம் கேட்டன. ஒன்றிரண்டு கார் கேட்டால் பதில் உடனே வரும். ஊர் முழுக்க உள்ள கார்கள் ஒரே நேரத்தில் கேட்டபோது கேள்விகள் குவிந்து பதில் தாமதமானது. பதில் வரும்வரை கார்கள் சந்திப்பிலேயே நின்றன, பின்னால் எல்லாம் நெரிசல். கடைசியில் சேவையை நிறுத்திவைத்தார்கள். உதவியாளர்கள் எத்தனை பேர் என்று கணக்குப்போடுவது சாதாரண நாளை வைத்து. நிலநடுக்கப் பூமியில் இருக்கும் ஊருக்கு அந்தக் கணக்குப் போதாது. நின்றுவிடுவதே பாதுகாப்பு என்ற எண்ணத்தையும் அந்த இரவு கேள்விக்குள்ளாக்கியது. ஆம்புலன்ஸ் வரும் தெருவை மறித்துக்கொண்டு நிற்கும் கார் யாரையும் இடிக்காமலே உயிருக்கு ஆபத்தாகலாம்.

இதற்குச் சட்டத்தில் ஒரு பதில் வந்திருக்கிறது. 2024-இல் கையெழுத்தாகி 2026 ஜூலை முதல் நடைமுறைக்கு வரும் கலிஃபோர்னியா சட்டப்படி, அவசரப் பணியாளர்கள் ஒரு பகுதியைக் காலி செய்யச் சொல்லிச் செய்தி அனுப்பினால் தானோட்டி வண்டிகளை இரண்டு நிமிடத்துக்குள் அங்கிருந்து விலகச் செய்ய வேண்டும். உடனே எடுக்கும் தொலைபேசி எண்ணும் வண்டிக்குள் பேசும் வசதியும் இருக்க வேண்டும்.

நாள் 3: மவுண்டன் வியூ

தெற்கே போகும் வழியில் சான் புருனோ. 2025 செப்டம்பரில் இந்த ஊர்க் காவலர்கள், யூ-டர்ன் கூடாத இடத்தில் திரும்பிய ஒரு வேமோவை நிறுத்தினார்கள். உள்ளே ஆள் இல்லை, அபராதச் சீட்டை யார் பெயரில் எழுதுவது என்று திகைத்து நிறுவனத்துக்குத் தகவல் சொல்லிவிட்டு அனுப்பினார்கள். நேற்றுச் சொன்ன சட்டத்தில் இதற்கும் வழி இருக்கிறது. இனிக் காவலர்கள் நிறுவனத்தின் பேரிலேயே மீறல் அறிவிப்பு கொடுக்கலாம்.

மவுண்டன் வியூவில் எல் கமினோ ரியல் சாலை காஸ்ட்ரோ தெருவைத் தொடும் இடத்தில் வலதுபக்க லேன் வழக்கத்தைவிட அகலம். வலப்பக்கம் திரும்ப வேண்டிய வண்டிகள், சிக்னலுக்கு நிற்பவர்களை ஒட்டி ஓரமாகவே முன்னேறிவிடும். 2016 பிப்ரவரி 14 அன்று கூகுளின் (அந்தத் திட்டம்தான் பின்னர் வேமோ ஆனது) லெக்ஸஸ் சோதனைக் காரும் அப்படித்தான் ஓரத்தில் போனது. முன்னே மழைநீர் வடிகாலைச் சுற்றி மணல் மூட்டைகள் அடுக்கியிருந்தார்கள். கார் நின்றது. சிக்னல் பச்சையானதும் சில வண்டிகளைப் போகவிட்டு, லேனின் நடுப்பகுதிக்குத் திரும்ப மெல்ல நகர்ந்தது. பின்னால் ஒரு பஸ். பஸ் வேகத்தைக் குறைத்து வழிவிடும் என்று கார் கணித்தது. உள்ளே உட்கார்ந்திருந்த சோதனை ஓட்டுநரும் கண்ணாடியில் பஸ்ஸைப் பார்த்து அப்படியேதான் நினைத்தார். பஸ் நிற்கவில்லை. மணிக்கு 3 கிலோமீட்டருக்கும் குறைவான வேகத்தில் போன கார், 24 கிலோமீட்டர் வேகத்தில் வந்த பஸ்ஸின் பக்கவாட்டில் உரசியது. யாருக்கும் காயமில்லை. அதன் பிறகு, பெரிய வண்டிகள் வழிவிடும் என்று எளிதில் எதிர்பார்க்காதே என மென்பொருளைத் திருத்தினார்கள். பஸ் வழிவிடாது என்பது சென்னையில் ஸ்கூட்டர் ஓட்டும் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். காருக்கு அதை ஒரு முறை இடித்த பிறகுதான் எழுதிக்கொடுத்தார்கள்.

இங்கிருந்து சில கிலோமீட்டரில் 101-ஆம் நெடுஞ்சாலையிலிருந்து 85-ஆம் சாலைக்கு இடப்பக்கமாகப் பிரியும் இடம். இரண்டு பாதைக்கும் நடுவே முக்கோணமாக ஒரு வெற்றுத்தரை, அதன் முனையில் கான்கிரீட் தடுப்பு. 2018 மார்ச் 23 அன்று ஒரு டெஸ்லா மாடல் எக்ஸ், ஆட்டோபைலட் இயங்கிக்கொண்டிருக்கையில், இந்தத் தடுப்பில் மோதி ஓட்டுநர் இறந்தார். வேமோவைப் பேசும்போது டெஸ்லாவை ஏன் இழுக்க வேண்டும் என்றால், இரண்டையும் ஒரே பெயரால் அழைக்கும் வழக்கம் ஆபத்தானது. கார் எந்த அளவுக்குத் தானாக ஓடுகிறது என்பதைப் பொறியாளர்கள் 0 முதல் 5 வரை நிலைகளாகப் பிரிக்கிறார்கள். அன்றைய ஆட்டோபைலட் நிலை 2. கார் ஸ்டியரிங்கையும் வேகத்தையும் பார்த்துக்கொள்ளும், கண்ணும் பொறுப்பும் மனிதருடையவை. வேமோ நிலை 4. தனக்கு வகுத்த எல்லைக்குள் மனிதரை எதிர்பார்க்கவே கூடாது.

விபத்தின் கடைசி நொடிகளை அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் விரிவாகப் பதிவு செய்திருக்கிறது. கார் லேனைவிட்டு இடப்பக்கம் விலகி, இரண்டு பாதைக்கும் நடுவிலுள்ள முக்கோணத்துக்குள் போனது. முன்னே வேறு வண்டி இல்லாததால், ஏற்கெனவே வைத்திருந்த மணிக்கு 120 கிலோமீட்டர் என்ற அளவை நோக்கி, 100-இலிருந்து 114-க்கு வேகத்தைக் கூட்டியது. கடைசி 6 நொடியில் ஓட்டுநரின் கைகள் ஸ்டியரிங்கில் இருந்ததாகப் பதிவாகவில்லை. பிரேக்கே விழவில்லை. தனக்குப் புரியவில்லை என்பதே அந்தக் காருக்குத் தெரியவில்லை. அதனால் யாரையும் எச்சரிக்கவும் இல்லை.

இன்னொரு காரணம் சாலையிலேயே இருந்தது. தடுப்பின் முன்னே, மோதினால் மடங்கி அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும் இரும்புக் கட்டமைப்பு ஒன்று உண்டு. 11 நாளுக்கு முன் வேறொரு கார் மோதி அது நசுங்கியிருந்தது, சரிசெய்யப்படவில்லை. சரியாக இருந்திருந்தால் அவர் பிழைத்திருக்கக்கூடும் என்று வாரியம் சொன்னது. சாலை தயாராக இல்லாத இடத்தில் எந்தக் காரும் முழுத்தயார் ஆகிவிடாது.

நாள் 4: மொஹாவே பாலைவனம்

நாள் முழுக்கக் கார் ஓட்டம். பார்ஸ்டோவில் இரவுத் தங்கல். முள்செடியும் வறண்ட ஏரிப்படுகையும் தவிர வேறில்லை.

2004 மார்ச் 13 அன்று அமெரிக்க ராணுவ ஆய்வு அமைப்பான டார்பா, இங்கிருந்து நெவாடா எல்லை வரை ஆளில்லா வண்டிகளின் போட்டி வைத்தது. பரிசு 10 லட்சம் டாலர். ஒரு வண்டிகூட முடிக்கவில்லை. அதிகம் போனது கார்னகி மெல்லன் பல்கலைக்கழகத்தின் வண்டி, 12 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. கொண்டையூசி வளைவில் மேடேறிச் சிக்கி, சுழன்ற டயரிலிருந்து புகை வர நின்றுபோனது. அடுத்த ஆண்டு அக்டோபரில் 212 கிலோமீட்டரை ஐந்து வண்டிகள் முடித்தன. ஸ்டான்ஃபோர்டின் 'ஸ்டான்லி' 6 மணி 53 நிமிடத்தில் முதலாவது. 2007-இல் பக்கத்து ஊரான விக்டர்வில்லில், கைவிடப்பட்ட விமானப்படைத் தளத்தின் தெருக்களில் நகரப் போட்டி. அதை முடித்த ஆறு வண்டிகளில் ஐந்தில், 64 லேசர்களைச் சுழற்றும் வெலோடைன் லிடார் இருந்தது. இன்று ஜாகுவாரின் கூரையில் இருப்பது அதன் வழிவந்ததுதான்.

நீண்ட நேர்ச்சாலையில் ஒரு கணக்கு. அமெரிக்காவில் மனிதர் ஓட்டும் கார்களால் 10 கோடி மைலுக்கு ஏறத்தாழ 1.09 மரணம் என்பது 2016-இல் ராண்ட் ஆய்வு நிறுவனம் எடுத்துக்கொண்ட அளவு. தானோட்டிக் கார் அதைவிட மோசமில்லை என்று 95 சதவீத உறுதியோடு சொல்ல, ஒரு மரணமும் இல்லாமல் எவ்வளவு தூரம் ஓட வேண்டும்? புள்ளியியலில் எளிய வழி: மூன்றை அந்த விகிதத்தால் வகுக்க வேண்டும். 27.5 கோடி மைல், அதாவது சுமார் 44 கோடி கிலோமீட்டர் வரும். நூறு கார்கள், மணிக்கு 40 கிலோமீட்டரில், இரவும் பகலும் நிற்காமல் ஓடினால் பன்னிரண்டரை ஆண்டு ஆகும். நடுவில் ஒருவர் இறந்தால் தூரம் இன்னும் கூடும்.

2025-இல் வெளியான வேமோவின் சொந்த ஆய்வு, ஆளில்லாமல் ஓடிய 5.67 கோடி மைலை எடுத்துக்கொண்டது. அதே நகரங்களின் மனித ஓட்டுநர்களோடு ஒப்பிட்டால், பாதசாரிகள் காயமடைந்த மோதல் 92 சதவீதமும், சந்திப்பில் நடக்கும் காய மோதல் 96 சதவீதமும் குறைவு என்றது. ஆய்விதழில் மதிப்பீடு செய்து வெளியிடப்பட்டது. செய்தவர்கள் நிறுவனத்தினர் என்றாலும் அடிப்படைத் தரவு அரசிடம் கொடுக்கும் விபத்து அறிக்கைகள்தான், யாரும் சரிபார்க்கலாம். இதை நம்பத்தகுந்த முடிவாகவே எடுத்துக்கொள்கிறோம். காயங்கள் குறைந்திருக்கின்றன. மரணங்களைப் பற்றிச் சொல்ல அந்தத் தூரம் போதாது, மேலே உள்ள கணக்கே காரணம். அதன் பிறகு ஓடிய தூரம் இரண்டு மடங்குக்கு மேலாகிவிட்டது என்றாலும், ஒரு மரணமும் இல்லாத 27.5 கோடி மைல் என்பது எளிதில் எட்டும் தூரமில்லை. விரைவுச்சாலைப் பயணம் அந்த ஆய்வில் இல்லை என்பதையும் சேர்த்து வாசிக்க வேண்டும். வேகம் கூடினால் மோதலின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தில் ஏறும்.

நாள் 5: டெம்பி, அரிசோனா

மில் அவென்யூ, ஏரியைத் தாண்டி வடக்கே. இதை எழுதுவது எளிதாக இல்லை. 2018 மார்ச் 18 இரவு பத்து மணிக்குச் சற்று முன், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்த 49 வயதுப் பெண் ஒருவர், ஊபரின் சோதனைக் கார் மோதி இறந்தார். தானோட்டிக் காரால் பாதசாரி ஒருவர் இறந்த முதல் நிகழ்வு.

சாலையைப் பார்த்தால் முதலில் கண்ணில் படுவது நடுத்திட்டு. அன்று அதில் குறுக்காகச் செங்கல் பாவிய பாதை இருந்தது. நடப்பவரை வா என்று அழைப்பது போன்ற பாதை. கூடவே இங்கே கடக்காதீர்கள் என்று பலகை. பிறகு செங்கலை எடுத்துவிட்டுச் செடி வைத்தார்கள்.

கார், வால்வோ எக்ஸ்சி90. மணிக்குச் சுமார் 70 கிலோமீட்டர். மோதுவதற்கு 5.6 நொடி முன்பே ரேடார் அவரைக் கண்டுவிட்டது. அந்த வேகத்தில் 5.6 நொடி என்றால் 100 மீட்டருக்கும் மேல். உலர்ந்த சாலையில் பிரேக் போட்டு முழுதாக நிற்க, தாமதம் சேர்த்தும் 40 மீட்டர் போதும். பிறகு என்ன ஆயிற்று? முதலில் வாகனம் என்றது. 5.2 நொடியில் லிடார் பார்த்து, ஏதோ ஒரு பொருள், அசையாதது என்றது. பிறகு வாகனம், மறுபடி ஏதோ பொருள், மறுபடி வாகனம். 2.6 நொடியில் சைக்கிள். பெயர் மாறும் ஒவ்வொரு முறையும், அந்தப் பொருள் இதுவரை எங்கிருந்து எங்கே நகர்ந்தது என்ற பழைய பதிவை மென்பொருள் தூக்கி எறிந்தது. பதிவு இல்லாததால், சாலையின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்குச் சீராக நடந்துவந்த ஒரு மனிதர், காருக்கு ஒவ்வொரு முறையும் இப்போதுதான் புதிதாகத் தோன்றிய பொருளானார். இன்னொன்று: கடக்கும் இடம் என்று குறிக்கப்படாத இடத்தில் பாதசாரி வரக்கூடும் என்பதே அந்த மென்பொருளின் வகைப்பாட்டில் இல்லை.

1.2 நொடி மீதியிருக்கையில், தன் பாதையிலேயே இருக்கிறார் என்று கார் உணர்ந்தது. அப்போதாவது பிரேக் போட்டிருக்கலாம். போடவில்லை. தேவையில்லாமல் திடீர் பிரேக் விழுந்து பயணம் குலுங்குவதைத் தவிர்க்க, அபாயம் தெரிந்தாலும் ஒரு நொடி பொறுத்திரு என்று விதி எழுதியிருந்தார்கள். அந்த ஒரு நொடி முடிந்தபோது மீதி 0.2 நொடி. மோதும்போது வேகம் மணிக்குச் சுமார் 63 கிலோமீட்டர்.

வால்வோவுக்குச் சொந்தமாக ஒரு தானியங்கிப் பிரேக் இருந்தது. கணினி ஓட்டும்போது அதை அணைத்துவைத்திருந்தார்கள். அது இயங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பின்னர் செய்து பார்த்த 20 கணினி ஓட்டங்களில் 17-இல் மோதலே நடக்கவில்லை. சில மாதம் முன்புவரை காரில் இரண்டு கண்காணிப்பாளர்கள் இருந்தார்கள், அதை ஒருவராகக் குறைத்திருந்தார்கள். அந்த ஒருவர் கைப்பேசியில் நிகழ்ச்சி பார்த்துக்கொண்டிருந்தார், அவர்மேல் வழக்கு நடந்து நன்னடத்தைக் கண்காணிப்புத் தண்டனை கிடைத்தது. ஆனால் மணிக்கணக்கில் ஒன்றும் நடக்காத சாலையைத் தனியாக வெறித்துப் பார்க்கும் வேலையில் மனிதக் கவனம் நழுவும் என்பது முன்பே தெரிந்ததுதான். வாரியமும் தன் அறிக்கையில் நிறுவனத்தின் பாதுகாப்புப் பண்பாட்டைக் கடுமையாகக் கண்டித்தது.

மூன்றாம் நாள் பதிவில் விட்டுப்போனது: அங்கே சொன்ன நிலை 2, நிலை 4 பிரிவில் இந்தச் சோதனைக் கார் எங்கே வரும் என்ற ஐயம் வரலாம். நிலை 4-ஐ நோக்கிய மென்பொருள், ஆனால் கண்காணிப்பாளரை நம்பி ஓடியது. இரண்டுக்கும் நடுவில் தொங்கும் இந்தக் கட்டம்தான் எல்லாவற்றிலும் ஆபத்தானது என்பது எங்கள் கருத்து.

நாள் 6: ஃபீனிக்ஸ்

வேமோ பணம் வாங்கிப் பயணிகளை ஏற்றத் தொடங்கியது இந்தப் பகுதியில்தான், 2018 டிசம்பரில். 2020 அக்டோபரில் ஆளில்லா வண்டியை எல்லோருக்கும் திறந்தது. ஏன் இங்கே என்பது தெருவில் இறங்கினாலே தெரியும். கட்டம் போட்டது போன்ற அகலமான சாலைகள், அதிகம் மழையில்லை, பாதசாரிகள் குறைவு. ஜூன் பாதி முதல் செப்டம்பர் வரை வரும் புழுதிப்புயல் ஒன்றுதான் பெரிய தொல்லை.

இந்த ஊர் கற்றுக்கொடுத்தவை சின்னச் சின்ன விஷயங்கள். 2023 டிசம்பர் 11 அன்று ஒரு பிக்அப் வண்டியைப் பின்னோக்கித் தூக்கிக்கட்டி இழுத்துப் போனார்கள். சற்றுக் கோணலாக, இரண்டு லேனை மிதித்தபடி. வண்டியின் முகம் ஒரு பக்கம், நகர்வது மறுபக்கம். முகத்தைப் பார்த்துத் திசையைக் கணித்த வேமோ அதில் இடித்தது. இழுவை வண்டி நிற்காமல் போனது. சில நிமிடத்தில் இன்னொரு வேமோவும் அதே வண்டியை இடித்தது. ஒரே மென்பொருள் என்பதால் ஒரே தப்பு. ஒரு மனித ஓட்டுநரின் தவறு அவரோடு போய்விடும், இங்கே ஒன்றின் தவறு கூட்டத்துக்கே உரியது. அதன் மறுபக்கம், திருத்தமும் ஒரே நேரத்தில் எல்லாவற்றுக்கும் போய்ச் சேரும். 444 வண்டிகளுக்குத் திருத்தம் சென்றது.

2024 மே 21 அன்று ஒரு சந்துக்குள் பயணியை ஏற்றப் போன வேமோ, மரத் தொலைபேசிக் கம்பத்தில் மணிக்கு 13 கிலோமீட்டர் வேகத்தில் மோதியது. இந்தச் சந்துகளைப் போய்ப் பாருங்கள். பிளாட்பாரம் இல்லை, விளிம்புக்கல் இல்லை, கம்பம் சாலையின் தரைமட்டத்திலேயே நிற்கிறது. வழக்கமாகக் கம்பம் விளிம்புக்கல்லுக்கு அப்பால் இருக்கும். கல்லைத் தாண்டாதே என்ற விதியே கம்பத்திலிருந்தும் காப்பாற்றிவிடும். இங்கே கல் இல்லாததால் கம்பத்தின் சேத மதிப்பெண் மட்டுமே மிஞ்சியது. இதில் இடித்தால் எவ்வளவு சேதம் என்று ஒவ்வொரு பொருளுக்கும் மென்பொருள் மதிப்பெண் கொடுக்கும். மரக் கம்பத்துக்குக் குறைவாகக் கொடுத்திருந்தார்கள். மதிப்பெண்ணைத் திருத்தி, சந்துகளின் ஓரத்தை வரைபடத்தில் சேர்த்து, 672 வண்டியையும் பணிமனைக்குக் கொண்டுவந்து மாற்றினார்கள். இதே வகைக் குறைதான் வாசலில் கட்டும் சங்கிலியிலும் மெல்லிய கேட்டிலும் வெளிப்பட்டது. 2022 முதல் 2024 வரை 16 மோதல்கள், 1,212 வண்டிகளுக்குத் திருத்தம்.

இவற்றில் யாரும் சாகவில்லை. எங்களை உறுத்துவது டெக்சாஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரத்துப் பள்ளிப் பேருந்து விவகாரம். பேருந்து நின்று, சிவப்பு விளக்கு மின்னி, நில் என்ற பலகை பக்கவாட்டில் நீண்டால் இரண்டு பக்கத்து வண்டிகளும் நிற்க வேண்டும், பிள்ளைகள் குறுக்கே ஓடிவருவார்கள். வேமோ கார்கள் நின்றுவிட்டு, பலகை மடங்கும் முன்பே நகர்ந்து கடந்தது திரும்பத் திரும்பக் கேமராவில் பதிவானது. 2025 இறுதியில் மென்பொருளை மாற்றிய பிறகும் மீறல் தொடர்ந்ததாகப் பள்ளி நிர்வாகம் சொன்னது. டிசம்பரில் 3,000-க்கும் மேற்பட்ட வண்டிகளுக்குத் திருத்த அறிவிப்பு வந்தது. கம்பமும் இழுவை வண்டியும் யாரும் எதிர்பாராதவை என்று சொல்லலாம். பள்ளிப் பேருந்து, ஓட்டுநர் உரிமத் தேர்வில் கேட்கும் பாடம். அதில் தேறும்வரை, பள்ளி விடும் நேரத்தில் அந்தத் தெருக்களை வண்டியின் எல்லையிலிருந்து வெட்டிவிட முடியும். வரைபடத்தில் ஒரு கோடு போடும் வேலைதான் அது. அதைக் கேட்கும் அதிகாரம் நகராட்சிக்கும் பள்ளிக்கும் இருக்க வேண்டும். இன்று பெரும்பாலும் இல்லை.

மாலை, கிழக்கே மேசா என்ற ஊர். ஜாகுவார்களுக்குச் சென்சார் பூட்டும் தொழிற்சாலை இங்கே இருக்கிறது. பூட்டி, அளவு சரிபார்த்து முடிந்த வண்டி, வாசலைத் தாண்டித் தானே ஓட்டிக்கொண்டு போகிறது. வெளியே வந்த அரை மணி நேரத்துக்குள் முதல் பயணியை ஏற்ற முடியும் என்கிறது நிறுவனம்.